எண்ணோடு கிடந்த பனிக்கட்டியாறு

சீலன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் இங்கே ஜெர்மனியில், ஹம் நகரத்தில் ஒரு கராஜில் நின்றேன். காருக்குக் குளிர்காலச் சில்லுப் போடக் கொடுத்திருந்தேன். எந்தச் சில்லு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று கராஜ்காரனுக்கு நான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்த நேரம் மலர் தொலைபேசியில் அழைத்தார். மலர், சீலனின் அண்ணி. சீலனின் தமையன் சற்குணத்தின் மனைவி. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்.

"பரமண்ணை, எங்க நிக்கிறியள்?"

"சில்லு மாத்த வந்தனான்."

"இருக்க இடமிருந்தா இருங்கோ."

டயர் அடுக்கின் மேல் இருந்தேன். வழக்கம்போலக் காலையில் வேலைக்குப் போன சீலன், ஆராய்ச்சி நிலைய வாசலில் சைக்கிளைப் பூட்டக் குனிந்தவர் எழும்பவில்லையாம். நெஞ்சு நின்றுவிட்டது. வயது ஐம்பது கடந்து கொஞ்சம்தான். கலியாணம் கட்டவில்லை. ஆதலால் வடக்கே அவர் வேலை செய்த கடற்கரை நகரத்திலிருந்து வந்த அந்தச் செய்தி முதலில் மலரிடம் வந்து, மலரிடமிருந்து என்னிடம் வந்தது. மற்ற எல்லோருக்கும் நான்தான் சொன்னேன்.

இந்த நினைவுமலரில் எழுதும்படி மலர் என்னைக் கேட்டபோது, ஊர்ச் சங்கத்தில் பட்டம் பெற்றவர்கள் பலர் இருக்க ஏன் பரமு என்று சிலர் நினைத்திருக்கலாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் பூமிசாஸ்திரத்தில் வகுப்பில் முதலாம் ஆள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சீலன் வாழ்க்கையில் கண்ட முதல் பனியை அவருக்குக் காட்டியவன் நான்.

அப்போது அகதிகள் விடுதியில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. அவர் வந்து சில வாரம்கூட ஆகவில்லை. ஒருநாள் விடிய நான்தான் உலுப்பி எழுப்பினேன். "எழும்பும், வெளியில வந்து பாரும்." எல்லோரும் பனியை உருட்டி எறிந்து விளையாட, அவர் இடுப்பில் கட்டிய சாரத்தோடு நின்று பக்கத்துக் கொட்டிலின் சரிவான கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் படிந்த பனி ஒரே பாளமாகக் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி ஒரு நகர்வு. நான் கூப்பிட்டேன். வரவில்லை.

"விழப்போகுது, தலையில கொட்டும், இஞ்சால வாரும்."

"விழேல்லை அண்ணை. நடக்குது."

அந்தப் பாளம் கூரை விளிம்பைத் தாண்டி வளைந்து தொங்கும்வரை அவர் அசையவில்லை. கால் விறைத்துப்போனவரை நான்தான் தூக்காத குறையாக உள்ளே கொண்டுவந்தேன். இந்த நாட்டின் பனிக்கட்டியாற்று ஆராய்ச்சியில் ஒரு நல்ல பங்கு அந்தக் கொட்டில் கூரையில் தொடங்கியது. கூரையைக் காட்டியவன் யார் என்று இதுவரை எங்கும் அச்சில் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

பிறகு அவர் மொழி படித்து, பள்ளி முடித்து, பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து, கலாநிதியும் ஆனார். கலாநிதி ஆன பிறகும் என் வீட்டுக் குசினியில்தான் சாப்பிட்டார். ஒருநாள் நான் கேட்டேன், கல்லுப்போல உறைந்த ஐஸ் எப்படி ஆறு மாதிரி ஓடும் என்று. எனக்கு விடை தெரியும். அவர் எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கக் கேட்டேன். அவர் யன்னலோரம் உறைந்துபோய் நின்ற தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துச் சூடேற்றியின் மேல் சரித்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் போத்தலோடு ஒட்டிய பக்கம் மட்டும் இளகி, நடுவில் வெள்ளையாக இருந்த கட்டி அப்படியே முழுசாக வழுக்கி இறங்கியது.

"அடியில ஈரம் இருந்தாக் காணும், அண்ணை. மேல எவ்வளவு இறுக்கமா இருந்தாலும் போகும்."

என் மனைவி அந்தப் போத்தலைப் பார்த்துவிட்டு, "உங்கட ஆராய்ச்சிக்கு வேற எண்ணெய் கிடைக்கேல்லையோ" என்று கேட்டார். சீலன் அடுத்த முறை வரும்போது இரண்டு போத்தல் கொண்டுவந்து வைத்தார்.

தென்துருவத்துக்கு அவர் முதல்முறை போனபோது நான் ஒரு பை மோர்மிளகாய் பொரித்துக் கொடுத்தேன். அந்தக் கண்டத்தில் கால்வைத்த முதல் மோர்மிளகாய் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். மறுத்துச் சொல்ல இதுவரை ஒருவரும் வரவில்லை. அவருடைய பகுதித் தலைவி பீட்டர்சன் அம்மா, கூடாரத்துக்குள் ஒன்றைக் கடித்துவிட்டு வெளியே ஓடிப்போய்க் கைநிறையப் பனியை அள்ளி வாயில் போட்டாராம். உலகத்திலேயே சுத்தமான பனி அது. அதை மோர்மிளகாய்க்கு மேல் சாப்பிட்டவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இனி, அந்தப் பனிக்கட்டியாறு பற்றி. உங்களில் பலர் இதைப் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சரியான விபரம் இது.

தென்துருவக் கண்டத்தின் கிழக்குப் பக்கம், ஜெர்மன்காரரின் நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் நெடுநேரம் உள்ளே போனால் ஒரு மலைத்தொடர் வரும். மலை முழுசாகத் தெரியாது. பனிக்கு மேலே உச்சிகள் மட்டும் கறுப்பாக நீட்டிக்கொண்டு நிற்கும். உள்நாட்டுப் பனி அந்த உச்சிகளுக்கு நடுவால் இடம் கண்ட இடத்தில் இறங்கிக் கடலில் மிதக்கும் பனித்தட்டோடு சேர்கிறது. அப்படி இறங்குகிற ஒன்று, பாதி வழியில் முழங்கை மடித்த மாதிரி வளைகிறது. செய்மதிப் படத்தில் அந்த வளைவைப் பார்த்துப் பார்த்து, வருடத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று கண்டுபிடித்தவர் சீலன். நேரில் போய் அதன் மேல் நின்றவரும் அவர். அங்கே ஒரு குருவிகூட இல்லை. காற்று நின்றால் தன் இரத்தம் ஓடுகிற சத்தம் காதில் கேட்டது என்று சொன்னார்.

அது யாழ்ப்பாணக் குடாநாடு அளவு என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பிறந்தநாள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சீலன் குறுக்கிட்டார். "அண்ணை, ஹம்மிலயிருந்து பக்கத்து டோர்ட்முண்ட் மட்டும்தான் நீளம். அகலம் அதிலயும் குறைவு." அவர் அடக்கமானவர். தன்னை மட்டுமல்ல, தன்னுடைய ஐஸையும் அடக்கித்தான் சொல்வார்.

அந்த மலைத்தொடரில் சில பனிக்கட்டியாறுகளுக்குப் பெயரே கிடையாது. வரைபடத்தில் ஓர் எண் மட்டும். வேலை முடியும் நேரம், ஆளுக்கொரு பெயர் முன்மொழியலாம் என்று பீட்டர்சன் அம்மா சொல்லியிருந்தார். முழங்கை வளைவுள்ளது சீலனின் பங்கு. பெயர்களைப் பார்த்து ஏற்பதற்கென்று ஒரு குழு இருக்கிறது. அவர் அதை எனக்குச் சொன்னது காரில். ரயில் நிலையத்திலிருந்து நான் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

"அண்ணை, அந்த வரைபடத்தில ஒரு பக்கம் முழுக்க ராசாக்கள், ராணிமார். மற்றப் பக்கம் கப்பல் விட்ட முதலாளிமார். ஒரு முகட்டுக்குச் சமையல்காரன்ர பெயர். ஒரு மேட்டுக்கு நாயின்ர பெயர்."

"நாய்க்கு இடமிருக்கெண்டா எங்கட ஆக்களுக்கும் இருக்கும்."

"ஆக்கள் இருக்கிற இடத்தில பெயர் தானா முளைச்சிடும். அங்க ஒருத்தரும் இல்லை. நாங்கள்தான் இஞ்சையிருந்து கொண்டுபோகவேணும்."

"நீர் என்ன கொண்டுபோறீர்?"

"குணண்ணையின்ர பெயரை" என்றார்.

அவருடைய தமையன் சற்குணத்தைத் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஊரில் சண்டை முடிந்த நாட்களில், அவர் சனத்தோடு சனமாக வந்து, இராணுவத்தின் பேருந்து ஒன்றில் ஏற்றப்பட்டதை மலர் கண்டிருக்கிறார். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. உடலும் இல்லை, கடிதமும் இல்லை. மலர் இங்கே வந்து சேர்ந்து இவ்வளவு காலமாகியும் நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

"ஒரு சிக்கல் இருக்கண்ணை" என்றார் சீலன். "உயிரோட இருக்கிற ஆளின்ர பெயரை அந்தக் குழு எடுக்காது. பீட்டர்சன் அம்மா கேட்டவ, உம்மட அண்ணா எப்ப இறந்தவர் எண்டு."

"நீர் என்ன சொன்னீர்?"

"அண்ணியோட கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டனான்."

அந்த முறை மலருக்கு வேலை நேரத்தை மாற்றிப்போட்டுவிட்டார்கள். கதைக்கக் கிடைக்கவில்லை. அடுத்த முறை சீலன் வந்தது சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு. இடையில் இப்படியொரு செய்தியை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க யாரால் முடியும். சங்கச் செயலாளர் தேவராசாவிடம் நான் விபரமாகச் சொன்னேன். குழுவின் விதியையும் விளங்கப்படுத்தினேன். தேவராசா சுறுசுறுப்பான மனிதர். ஒரு பாராட்டு விழாவே ஒழுங்குசெய்துவிட்டார்.

எங்கள் மண்டபங்களில் பதாகை இல்லாமல் ஒன்றும் நடப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மேடையின் பின்பக்கம் முழுவதும் மூடும் ஒரு பதாகை அன்று கட்டப்பட்டிருந்தது. வெள்ளை மலைகள், நீல வானம், ஒரு மூலையில் பென்குயின். நடுவில் சற்குணத்தின் முகம். அது கலியாணப் படத்திலிருந்து வெட்டியது. ஆகவே கழுத்தில் மாலையும் இருந்தது. கீழே பெரிய எழுத்தில், 'அமரர் சற்குணம் பனிக்கட்டியாறு.'

மலர் வடைத் தட்டோடு வந்தார். மேசையில் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நான் முன்வரிசையில் இருந்ததால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

"ஆர் சொன்னது இவர் செத்திட்டாரெண்டு?"

சத்தம் போடவில்லை. பக்கத்தில் கதிரை அடுக்கியவர்கள்கூட முதலில் கவனிக்கவில்லை. தேவராசா ஓடிவந்தார்.

"இல்லைத் தங்கச்சி, அது ஒரு மரியாதைக்குத்தான்."

"மரியாதைக்கோ?"

"அங்க செத்தவைக்குத்தான் பெயர் வைப்பினமாம். பரமண்ணைதான் விளங்கப்படுத்தினவர்."

விதியை நான் சரியாகத்தான் விளங்கப்படுத்தியிருந்தேன். ஆனால் மலர் என்னையும் பார்க்கவில்லை, தேவராசாவையும் பார்க்கவில்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த சீலனிடம் போனார்.

"தம்பி, நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ?"

இப்போது மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தப் பெயர் வேண்டும். உலக வரைபடத்தில் எங்கள் ஆள் ஒருவரின் பெயர். பிள்ளைகளுக்குக் காட்டலாம். வேலைத்தலத்தில் ஜெர்மன்காரனுக்குக் காட்டலாம். சீலன் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால், அந்த மண்டபத்திலேயே மலர் குங்குமத்தை அழிக்கவேண்டியவர் ஆகிவிடுவார்.

சீலன் பதாகையைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது அண்ணி."

"தெரியாதெண்டா?"

"தெரியாதெண்டா எழுதமாட்டன்."

ஒரு சப்பாத்து காலில், ஒன்று கையில். அப்படியே மேடைக்குப் போய்க் கதிரையில் ஏறி, பதாகையின் கயிறுகளை அவரே அவிழ்த்தார். உதவிக்கு யாரையும் விடவில்லை. முகம் உட்பக்கம் வரும்படி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப எங்கட ஐஸ் போச்சுதோ?"

"ஐஸ் எங்கையும் போகாதண்ணை. போனாலும் மெதுவாத்தான் போகும்."

சிலர் சிரித்தார்கள். மலரும் கொஞ்சம் சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக வடை கொடுக்கத் தொடங்கினார். தேவராசாவுக்கும் கொடுத்தார்.

அதோடு விடுகிற ஆட்களா நாங்கள். ஊரின் பெயரை வையும் என்று ஒரு கட்சி. எந்த ஊர் என்று அந்தக் கட்சிக்குள்ளேயே இரண்டு. கோயிலின் பெயர் என்றார் ஒருவர். கடை வைத்திருக்கும் ஒருவர் தன் கடையின் பெயர் சின்னதாகவும் உச்சரிக்க இலகுவாகவும் இருக்கும் என்றார். நானும் சீலனிடம் மெதுவாகக் கேட்டேன், சும்மா விட்டால் வேறு யாரும் பிடித்துவிடுவார்களே என்று.

"குணண்ணைக்கெண்டு நினைச்ச இடத்தில வேற ஒருத்தரைக் கொண்டுவந்து இருத்த ஏலாதண்ணை."

"அப்ப வெறும் எண்ணோட கிடக்கட்டுமோ?"

"கிடக்கட்டும். பெயர் ஐஸுக்குத் தேவையில்லை. எங்களுக்குத்தான் தேவை."

கூட வேலை செய்தவர்கள் தங்கள் தங்கள் பெயர்களைக் கொடுத்தார்கள். ஏற்கப்பட்டு, புது வரைபடத்திலும் வந்துவிட்டன. அந்த வரைபடத்தை அவர் என் வீட்டுக் குசினி மேசையில் விரித்துக் காட்டினார். சுற்றிவரப் பெயர்கள், நடுவில் முழங்கை வளைவின் மேல் ஓர் எண். அன்றுதான் நான் அவரிடம் நேராகக் கேட்டேன், உண்மையில் அண்ணனைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று.

"சில நாள் போயிட்டார் எண்டு நினைப்பன். சில நாள் இல்லையெண்டு நினைப்பன். அண்ணி எல்லா நாளும் இல்லையெண்டுதான் நினைக்கிறா. மூண்டு பேரில அவவுக்குத்தான் உரிமை கூட."

மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. இப்போது நினைத்தால் அது சற்குணமாகத்தான் இருக்கவேண்டும்.

சீலனின் இறுதிக் கிரியைக்குப் பீட்டர்சன் அம்மா வடக்கேயிருந்து ரயிலில் வந்தார். கிரியை முடிந்து கோப்பி குடிக்கும்போது மலரோடு கதைக்கவேண்டும் என்றார். மொழிபெயர்த்தது நான். ஹம்மில் என்னுடைய ஜெர்மனுக்கு ஒரு பெயர் உண்டு.

அந்த அம்மா சொன்னது இது. சீலன் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் எண்ணாகவே வைத்திருந்த பனிக்கட்டியாற்றுக்கு, நிலையத்தார் எல்லோரும் சேர்ந்து அவருடைய பெயரையே முன்மொழிய விரும்புகிறார்கள். இப்போது விதியும் இடம் கொடுக்கிறது. நெருங்கிய குடும்பம் மலர்தான். ஆகவே அவருடைய சம்மதம் வேண்டும்.

"என்ன பெயரெண்டு கேளுங்கோ" என்றார் மலர்.

கேட்டேன். "நாகமுத்து பனிக்கட்டியாறு" என்றார் அந்த அம்மா.

இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒன்று எழுதவேண்டும். எங்களுக்கு ஊரில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருந்ததில்லை. தகப்பனின் பெயரைத்தான் முன்னால் போடுவோம். இங்கே வந்தபோது அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொன்னோம். அன்றிலிருந்து சீலன், அழைப்புமணியிலும் சம்பளத்தாளிலும் நாகமுத்து. நிலையத்தில் அவரைச் சீலன் என்று யாருக்கும் தெரியாது. நாகமுத்தர் தன் வாழ்நாளில் ஐஸ்பழம் விற்கிற வண்டியைத் தவிர ஐஸ் ஒன்றையும் கண்டிருக்கமாட்டார்.

மலர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அது மாமாவின்ர பெயரெல்லோ?"

"ஓம். இவைக்குச் சீலனை அந்தப் பெயரிலதான் தெரியும்."

"என்ர இவரின்ர பாஸ்போட்டிலயும் அந்தப் பெயர் இருக்கு."

"இருக்கும். தகப்பன் ஒருத்தர்தானே."

"என்ர விசாவிலயும் இருக்கு." கோப்பையைத் தள்ளிவைத்தார். "மாமா மோசம்போனது ஊருக்கே தெரியும். இவர்தான் கொள்ளி வைச்சவர். நான் பக்கத்தில நிண்டனான். அதில ஒரு சந்தேகமும் இல்லை. போடச் சொல்லுங்கோ அண்ணை."

நான் சொன்னேன். பீட்டர்சன் அம்மாவுக்குக் கண் கலங்கியது. பிறகு, ஒழுங்கான ஆட்கள் அல்லவா, இன்னொன்றும் கேட்டார். குடும்பத்தில் சம்மதம் கேட்கவேண்டியவர் வேறு யாரும் இருக்கிறாரா.

"இருக்கிறார்" என்றார் மலர். "என்ர அவர். வந்த உடன நானே சொல்லுவன் எண்டு சொல்லுங்கோ."

மொழிபெயர்க்கும்போது நான் ஒன்றிரண்டு சொல் கூட்டிப் போடுவது வழக்கம். கேட்பவருக்கு நன்றாக விளங்கவேண்டும் என்பதற்காக. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. பீட்டர்சன் அம்மா தலையாட்டிவிட்டு மலரின் கையைப் பிடித்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. குழு கூடி முடிவு செய்ய எப்படியும் நாள் எடுக்கும். எடுக்கட்டும்.

சீலனின் புத்தகங்கள் நிலையத்துக்குப் போகின்றன. சைக்கிளை அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். சீலனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு வேலை. காணாமற்போனவர்களைத் தேடிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றுக்கு மலர் இடைக்கிடை போய்வருவார். ஒவ்வொரு முறையும் வடக்கேயிருந்து லீவு போட்டு வந்து, பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தவர் சீலன். இது எனக்கே தெரியாது. அவர் சொல்லவில்லை. போன கிழமை மலர் வந்தார்.

"அண்ணை, தை மாதம் வரச்சொல்லி ஒரு டெர்மின் இருக்கு. தம்பி இல்லை. வேண்டாமெண்டு எழுதிப்போடட்டோ?"

"ஏன்? நான் வாறன்."

"அங்க கன கதை கதைக்கக்கூடாது. கேட்டதுக்கு மட்டும்தான் மறுமொழி."

"தெரியும்."

"தெரியும் எண்டுதான் சொல்லுவியள்."

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதானாம். தேடப்படுபவரின் குடும்பப் பெயர் என்ன, எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். இந்த நாட்டில் தொலைபேசியிலும் அலுவலகத்திலும் எழுத்துச் சொல்ல ஒரு முறை உண்டு; ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் தொடங்கும் ஒரு சொல். நாகமுத்துவின் முதலெழுத்தான N-ஐப் பழைய ஆட்கள் 'நோர்ட்போல்', அதாவது வடதுருவத்தின் எழுத்து என்று சொல்வார்கள். அது தென்துருவம் என்று திருத்துவதற்கு என்னிடம் நிறையக் காரணம் இருக்கிறது. திருத்தமாட்டேன். வடதுருவத்தின் எழுத்து என்று சொல்லிவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போவேன்.